எந்தக் கப்? சமையல் அளவைக் கப்பிலிருந்து கிராமுக்கு மாற்றும் வழி

போன நத்தாருக்குப் பக்கத்து வீட்டாருக்கு ஒரு கேக் அடித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டேன். குறிப்பு ரொறன்ரோவில் இருக்கும் சித்தியிடமிருந்து வந்தது. மூன்று கப் மா, இரண்டு கப் சீனி, ஒரு கப் பட்டர், ஒரு கப் பால், நாலு முட்டை. "எந்தக் கப் சித்தி?" என்று கேட்டதற்கு, "கப் எண்டா கப்தான் பிள்ளை, வீட்டில இருக்கிறதால அள்ளிப் போடு" என்றார். வீட்டில் இருந்தது ரைஸ் குக்கரோடு வந்த கப். மாவையும் சீனியையும் அதிலேயே அளந்தேன். பாலை மட்டும் அளவுக் கோடு போட்ட ஜக்கில் 250 மி.லீ. ஊற்றினேன். பட்டர் 227 கிராம் பக்கெட் ஒன்று முழுதாகப் போனது. அவணிலிருந்து எடுத்தபோது கேக்கின் நடுப்பகுதி கிண்ணம்போலக் குழிந்திருந்தது. அடியில் ஈரக்களி.

காரணம் பிறகுதான் விளங்கியது. ரைஸ் குக்கர் கப் 180 மி.லீ. சித்தியின் கப் அதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரியது. 375 கிராம் மா போகவேண்டிய இடத்தில் 280 கிராமே போயிருக்கிறது. ஆனால் பால், பட்டர், முட்டை மூன்றும் முழு அளவில் போய்விட்டன. பட்டரும் முட்டையும் இன்று விற்கும் விலைக்கு இப்படி இன்னொருவர் வீணாக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். திருகோணமலை உவர்மலையில் ஒரு சின்னக் குசினியில் நான் செய்து பார்த்து எழுதி வைத்தவை இவை.

1. குறிப்பு எந்த ஊரிலிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள்

நம் வீடுகளுக்குக் குறிப்புகள் நாலு திசையிலிருந்தும் வருகின்றன. கப், கரண்டி, அவுன்ஸ் எல்லாம் ஒரே பெயரில் இருந்தாலும் ஊருக்கு ஊர் அளவு வேறு.

அமெரிக்கக் கப் ஏறத்தாழ 240 மி.லீ. அவுஸ்திரேலியக் கப் 250. கனடாவில் இரண்டும் புழக்கத்தில் உண்டு. 240க்கும் 250க்கும் உள்ள வித்தியாசம் நாலு வீதம்தான், அது கேக்கைக் கெடுக்காது, அதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். கெடுப்பது வேறு. மெல்பேர்ணிலிருந்து வரும் குறிப்பில் மேசைக்கரண்டி என்றால் 20 மி.லீ., மற்ற இடங்களில் 15 மி.லீ. தேக்கரண்டி மட்டும் எங்கும் 5 மி.லீ. ஆகவே அவுஸ்திரேலியக் குறிப்பில் மூன்று மேசைக்கரண்டி சோளமா என்றிருந்தால் நம் கரண்டியால் நாலு போடவேண்டும்.

லண்டன் குறிப்புகள் இப்போது பெரும்பாலும் கிராமில் வருவதால் தொல்லை இல்லை. பழைய லண்டன் குறிப்புகளும் அம்மம்மாமார் எழுதிய கொப்பிகளும்தான் சிக்கல். அவற்றில் இறாத்தலும் அவுன்ஸும் பைந்தும் இருக்கும். ஓர் இறாத்தல் 454 கிராம், ஓர் அவுன்ஸ் 28 கிராம். பிரித்தானியப் பைந்து 568 மி.லீ., அமெரிக்கப் பைந்து 473 மி.லீ. அம்மம்மாவின் கொப்பியில் கால் பைந்து பால் என்றிருந்தால் 142 மி.லீ. ஊற்றுங்கள். அவுன்ஸில் இன்னொரு பொறி இருக்கிறது. நிறைக்கு ஓர் அவுன்ஸ், திரவத்துக்கு வேறோர் அவுன்ஸ். தண்ணீரிலும் பாலிலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தேனிலோ கித்துள் பாணியிலோ அப்படி இல்லை. நிறையில் 8 அவுன்ஸ் தேன் 227 கிராம். அதையே 8 திரவ அவுன்ஸ் என்று ஊற்றினால் 320 கிராமைத் தாண்டிவிடும்.

தமிழ்நாட்டு யூடியூப் பார்த்துச் செய்பவர்கள் அளவுக்கு முன் சொற்களைப் பாருங்கள். அவர்கள் மைதா என்பது நம் கோதுமை மா. அவர்கள் கோதுமை மாவு என்பது நம் ஆட்டா மா. அவர்கள் சர்க்கரை என்றால் நம் சீனி, நம் சர்க்கரைக்கு அங்கே வெல்லம் என்று பெயர். இதில் தவறினால் எந்தத் தராசும் காப்பாற்றாது. ஆழாக்கு என்று வந்தால் 168 மி.லீ. என்று எடுத்துக்கொள்ளலாம், உழக்கு அதன் இரு மடங்கு.

2. வாங்கவேண்டியவை, செலவு, நேரம்

டிஜிட்டல் குசினித் தராசு ஒன்று. 5 கிலோ வரை நிறுக்கும், ஒவ்வொரு கிராமாகக் காட்டும் தராசு போதும். நான் பிரதான வீதிப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் 1,950 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு பென் டோர்ச் பற்றரி போடும் வகை. கடையிலேயே பற்றரி போட்டு, கையிலிருக்கும் ஏதாவதொரு பொருளை மூன்று முறை வைத்து எடுத்துப் பாருங்கள். மூன்று முறையும் ஒரே எண் வரவேண்டும். தட்டின் நடுவில் வைத்தாலும் ஓரத்தில் வைத்தாலும் எண் மாறக்கூடாது.

அளவுக் கரண்டிச் செட் ஒன்று வேண்டும். பாமசியில் ஊசி இல்லாத 10 மி.லீ. சிரிஞ்ச் ஒன்றும் வாங்குங்கள். நான் கொடுத்த காசில் மிகவும் பயன்பட்டது அந்தச் சிரிஞ்ச்தான், ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். அளவுக் கப் செட் விரும்பினால் வாங்கலாம், அது கட்டாயமில்லை. மொத்தத்தில் மூவாயிரம் ரூபாய்க்குள் எனக்கு முடிந்தது. குழிந்துபோன கேக்கின் சாமான் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய காசு இல்லை.

அளந்து பார்க்கும் வேலைக்கு ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். அதன்பின் ஒவ்வொரு குறிப்பையும் மாற்றப் பத்து நிமிடம் போதும். மார்கழியில் கேக் ஓடர் வந்தபின் இதைத் தொடங்காதீர்கள். ஐப்பசிக்குள் முடித்து வையுங்கள்.

3. தராசையும் வீட்டுப் பாத்திரங்களையும் தண்ணீரால் சரிபாருங்கள்

தண்ணீரில் 1 மி.லீ. என்றால் 1 கிராம். மற்றக் கணக்கெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

தராசை டைல்ஸ் மேலோ கல் மேடையிலோ வையுங்கள். மேசைவிரிப்பின் மேல் வைக்காதீர்கள். காற்றாடியை நிறுத்துங்கள், காற்றுப் பட்டால் எண் இரண்டு மூன்று கிராம் ஆடும். வெறும் கிளாஸை வைத்துப் பூச்சியம் ஆக்கும் பொத்தானை அழுத்துங்கள். சிரிஞ்சால் சரியாகப் பத்து முறை தண்ணீர் விடுங்கள். தராசு 100 காட்டினால் நல்லது, 99 அல்லது 101 என்றாலும் பரவாயில்லை. 95 காட்டினால் பற்றரியை மாற்றிப் பாருங்கள், அப்படியும் திருந்தாவிட்டால் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆகவே பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள்.

இனி வீட்டிலுள்ள ஒவ்வொரு கப்பையும் வெறுமையாக வைத்துப் பூச்சியமாக்கி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி நிறுங்கள். வரும் கிராம்தான் அதன் மி.லீ. அதை மாக்கர் பேனையால் கப்பின் அடியிலேயே எழுதுங்கள். எங்கள் வீட்டில் தேத்தண்ணிக் கப் 205, ரைஸ் குக்கர் கப் 180, எவர்சில்வர் பேணி 340 என்று வந்தது. மூன்றையும் அதுவரை ஒரே "கப்" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

சுண்டையும் விட்டுவிடாதீர்கள். சோறு, பொங்கல், கொழுக்கட்டை எல்லாம் நம் வீடுகளில் சுண்டுக் கணக்குத்தான். எங்கள் சுண்டு பழைய பால்பேணி, அதில் 310 மி.லீ. தண்ணீர் பிடித்தது. பச்சையரிசியைத் தலைதட்டி அளந்தால் 255 கிராம், அம்மா அளப்பதுபோலக் கும்பமாக அள்ளினால் 290. ஒரு சுண்டிலேயே 35 கிராம் வித்தியாசம். அம்மாவின் பொங்கலை நீங்கள் செய்து பார்த்தும் அதே பதம் வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அவர் அள்ளும்போது பக்கத்தில் நின்று, போட்டதை அப்படியே நிறுத்து எழுதுங்கள். கேட்டால் "ஒரு சுண்டு" என்று மட்டும்தான் சொல்வார்.

கரண்டிகளுக்கும் சிரிஞ்ச்தான். 5 மி.லீ. தண்ணீர் விட்டால் தேக்கரண்டி நிரம்பவேண்டும். வீட்டில் சீனி போடும் சின்னக் கரண்டிகள் 3 மி.லீ.யும் பிடிக்கும், 6 மி.லீ.யும் பிடிக்கும். அவற்றை அளவுக்கு எடுக்காதீர்கள்.

4. மாவைக் கப்பில் போடும் விதம்

எல்லாப் பொருளிலும் மாதான் அதிகம் ஏமாற்றும். ஒரே 240 மி.லீ. கப்பில், ஒரே பக்கெட் கோதுமை மாவை நாலு விதமாகப் போட்டு நிறுத்துப் பார்த்தேன். சலித்து மெதுவாகப் போட்டபோது 110 கிராம். கரண்டியால் போட்டுக் கத்தி முதுகால் தட்டையாக்கியபோது 125. கப்பை மா டின்னுக்குள் விட்டு அள்ளியபோது 145. அள்ளி, மேசையில் தட்டித் தட்டி நிரப்பியபோது 160. நாட்டின் பல பகுதிக்கும் மா அனுப்பும் பிரீமா ஆலை நம் சீனன்குடாவில்தான் இருக்கிறது. அதனால் நமக்கு மா கிடைப்பதில் குறை இல்லை, ஆனால் எவ்வளவு நல்ல மா என்றாலும் அள்ளும் கைக்கேற்ப 50 கிராம் மாறிவிடுகிறது. மூன்று கப் மா போடும் குறிப்பில் அது 150 கிராம்.

ஆகவே குறிப்பில் வெறுமனே "ஒரு கப் மா" என்று இருந்தால் 125 கிராம் என்று தொடங்குங்கள். "சலித்த மா ஒரு கப்" என்றால் சலித்தபின் அளந்தது, 110 கிராம். "ஒரு கப் மா, சலித்தது" என்றால் அளந்தபின் சலித்தது, 125. எழுதியவரிடம் கேட்க முடிந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கப்பால் அள்ளுவீர்களா, கரண்டியால் போடுவீர்களா? சித்தி கரண்டியால் போடுபவர்.

அவித்த மாவும் வறுத்த அரிசி மாவும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. எவ்வளவு நேரம் அவித்தோம், எவ்வளவு வறுத்தோம், எப்படி அரித்தோம் என்பதைப் பொறுத்து மாறும். மாவை நிறுங்கள். ஆனால் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் தண்ணீரைக் கை பார்த்தே விடுங்கள்.

5. மாற்றும் கணக்கு

குறிப்பில் உள்ள கப்பின் மி.லீ. எவ்வளவு என்று தெரிந்தால், அதைப் பொருளின் அடர்த்தியால், அதாவது அந்தப் பொருள் 1 மி.லீ. எத்தனை கிராம் என்பதால், பெருக்கினால் கிராம் வரும். ஒவ்வொரு முறையும் பெருக்க வேண்டாம். 240 மி.லீ. கப்புக்கு நான் அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருப்பது இது:

கோதுமை மா 125 கிராம்
சீனி 200
ஐசிங் சீனி 120
பட்டர், மாஜரின் 227
தேங்காயெண்ணெய் 220
பசும்பால் 245
தேன் 340
ரவை 165
பச்சையரிசி 190
கொக்கோத் தூள் 85 முதல் 100 வரை

250 மி.லீ. கப் என்றால் இதோடு நாலு வீதம் கூட்டுங்கள். 180 மி.லீ. ரைஸ் குக்கர் கப் என்றால் முக்கால் பங்கு எடுங்கள். துருவிய தேங்காய்ப்பூவை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. அமுக்கினால் ஒன்று, தூவினால் இன்னொன்று. நீங்கள் துருவும் தேங்காயை நீங்களே நிறுத்து எழுதுவதுதான் சரி.

கூடுதல் எச்சரிக்கை ஒன்று. தராசில் கிராம், அவுன்ஸ் மாற்றும் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் மி.லீ. என்றும் ஒன்று வரும். அது தண்ணீருக்கு மட்டும் சரி. எண்ணெயை அதில் 100 மி.லீ. வரும்வரை ஊற்றினால் உண்மையில் கிட்டத்தட்ட 109 மி.லீ. ஊற்றியிருப்பீர்கள். தராசைக் கிராமிலேயே விட்டுவிடுங்கள்.

6. தராசில் நிறுக்கக்கூடாதவை

ஒவ்வொரு கிராமாகக் காட்டும் தராசு 5 கிராமுக்குக் கீழே நம்பிக்கையானதல்ல. பேக்கிங் பவுடர், அப்பச்சோடா, ஈஸ்ட், ஏலக்காய்த் தூள் இவற்றைக் கரண்டியிலேயே தலைதட்டி அளந்து போடுங்கள். சிறிது சிறிதாகத் தூவினால் சில தராசுகள் கூடுவதையே உணராமல் பூச்சியத்தில் நிற்கும், நாமோ போட்டுக்கொண்டே இருப்போம்.

உப்பில் கவனம் வேண்டும். தூள் உப்பு ஒரு தேக்கரண்டி 6 கிராம். நிலாவெளி உப்பளப் பக்கத்துக் கல்லுப்பில் இடைவெளி அதிகம் என்பதால் அதே கரண்டியில் உப்பு குறைவாக இருக்கும். ஊறுகாய்க்கு உப்புப் போடுபவர்கள் கரண்டிக் கணக்கை விட்டு நிறுத்துப் போடுங்கள், அங்கே அளவும் பெரியது, தராசுக்குச் சிரமமில்லை.

பல தராசுகள் இரண்டு நிமிடம் தொடாவிட்டால் தானாக அணைந்துவிடும். மாவைப் போட்டுவிட்டுச் சீனி டின்னைத் தேடப் போனால் திரும்பி வரும்போது எண் போயிருக்கும். எல்லாச் சாமானையும் மேசைக்குக் கொண்டுவந்தபின் நிறுக்கத் தொடங்குங்கள்.

7. முட்டை, பட்டர், எண்ணெய்

எல்லாமே கப்பில் மட்டும் இருக்கும் குறிப்புக்கு எந்தக் கப்பும் சரிதான், ஒரே கப்பாக இருந்தால் போதும். பாயசம், ரவா லட்டு எல்லாம் அப்படித்தான் தப்பித்துக்கொள்கின்றன. முட்டையோ பக்கெட்டோ டின்னோ நடுவில் வந்துவிட்டால்தான் கப்பின் அளவு முக்கியமாகிறது.

வெளிநாட்டுக் குறிப்பில் பெரிய முட்டை என்றால் கோது நீக்கி ஏறத்தாழ 50 கிராம். நாலு முட்டைக்கு 200. நம் கடை முட்டையை உடைத்து ஊற்றி நிறுங்கள், சில வேளை ஐந்து தேவைப்படும். ஊர்க்கோழி முட்டை இன்னும் சிறியது.

பட்டர் பக்கெட்டுகள் 200, 227, 250 கிராம் என்று வெவ்வேறாக வருகின்றன. கடையில் எடுத்ததும் அடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். சித்தி இரண்டு குச்சி பட்டர் என்றும் சொல்வார். அமெரிக்கக் குச்சி ஒன்று 113 கிராம், இரண்டு சேர்ந்தால் ஒரு கப்.

எண்ணெய் வாங்கும்போதும் இந்தக் கணக்குக் காசு மிச்சம் பிடிக்கும். ஒரு கடையில் போத்தல் கணக்கு, இன்னொரு கடையில் லீற்றர், மற்றொன்றில் கிலோ. நம்மிடம் போத்தல் என்றால் 750 மி.லீ., அதில் தேங்காயெண்ணெய் 690 கிராம்தான். ஒரு கிலோ எண்ணெய் ஒரு லீற்றரைவிடக் கூட. விலையை ஒப்பிடும்போது கிலோ விலையை 0.92ஆல் பெருக்கினால் லீற்றர் விலை வந்துவிடும்.

8. மாரி காலம்

கார்த்திகையிலிருந்து தை வரை நம் ஊரில் மழையும் கடற்காற்றும் சேர்ந்து மாவையும் சீனியையும் ஈரமாக்கும். ஈரமான மா அதே நிறையில் கொஞ்சம் குறைந்த மாவும் கொஞ்சம் தண்ணீரும்தான். பாண், பணிஸ் பிசையும்போது தண்ணீரில் ஒன்றிரண்டு மேசைக்கரண்டியை ஒதுக்கி வைத்துக் கடைசியில் பார்த்து விடுங்கள். கட்டிபட்ட சீனியைக் கப்பில் அளக்கவே வேண்டாம். தராசைச் சிப் போட்ட பையில் வையுங்கள், அதிக நாள் பாவிக்காவிட்டால் பற்றரியைக் கழற்றுங்கள். உப்புக் காற்றில் பற்றரி முனைகள் பச்சை பிடிக்கும்.

9. விற்கப் போகிறீர்கள் என்றால்

ஒரு கிலோ கேக் என்று ஓடர் எடுத்தால் ஒரு கிலோ கலவை போதாது. அவணில் ஈரம் போய் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். நான் 1,100 கிராமுக்கு மேல் கலவை ஊற்றுகிறேன், ஆறிய பின்தான் நிறுக்கிறேன்.

குசினித் தராசு வீட்டுப் பாவனைக்கு மட்டும். நிறை பார்த்து விற்கும் தராசுக்கு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டத்தின்படி ஆண்டுதோறும் சரிபார்த்து முத்திரை பெறவேண்டும். முத்திரை குத்தக்கூடிய தராசா என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் கேளுங்கள், பிளாஸ்டிக் குசினித் தராசை வாங்கிவிட்டுப் பிறகு இரண்டாம் முறை செலவு செய்யாதீர்கள். சரிபார்த்ததற்குத் தரும் சான்றிதழையும் பற்றுச்சீட்டையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

10. மாற்றியதைக் கொப்பியில் எழுதும் முறை

ஒரு பக்கத்தின் இடப்புறம் மூலக் குறிப்பை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், எந்த நாட்டுக் கப் என்பதும் சேர்த்து. வலப்புறம் கிராம். திகதி போடுங்கள். முதல்முறை செய்து பார்த்தபின் மாற்ற நினைப்பதை வேறு நிறப் பேனையால் குறியுங்கள், பழைய எண்ணை அழிக்காதீர்கள்.

சித்தியின் கேக் இப்போது என் கொப்பியில் இப்படி இருக்கிறது: கோதுமை மா 375 கிராம், சீனி 400, பட்டர் 227, கோது நீக்கிய முட்டை 200, பால் 245, பேக்கிங் பவுடர் தலைதட்டி மூன்று தேக்கரண்டி, தூள் உப்பு அரைத் தேக்கரண்டி, வனிலா ஒரு தேக்கரண்டி. 9 அங்குலத் தட்டு இரண்டு, 180 பாகை செல்சியஸ், 30 நிமிடத்தில் ஈர்க்குக் குத்திப் பார்க்கவேண்டும். பொங்கலுக்கு முதல் கிழமை இதைப் பக்கத்து வீட்டாருக்கு அடித்துக் கொடுத்தேன். நடுவில் குழி விழவில்லை. சீனி நம் வாய்க்குக் கொஞ்சம் தூக்கல் என்றார்கள். 350 என்று சிவப்புப் பேனையால் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.